குளியலறைச் சுவருக்கு நிறம் தேர்தல்

மனைக்கு அழகு செய்ய விரும்பும் ஒருவர் முதற்கண் கூடத்தின் சுவரை நோக்குவர். பின்னர் வாயிற்புறத்தை நோக்குவர். அதன்பின் படுக்கையறையை நினைப்பர். குளியலறைக்கோ, ஏனைய அறைகட்குப் பூசி எஞ்சிய வண்ணம் எதுவோ அதுவே போதுமென விடுப்பர். விருந்தினர் கண்ணிற் படாத இடமாதலின் அதற்கு இத்துணைச் சிந்தனை வேண்டாவென்பது பலர்தம் கருத்து. ஆயினும், ஈரமும் வழுக்கலும் குறைந்த ஒளியும் ஒருங்கு கூடும் இடம் மனையின்கண் அஃதொன்றேயாம். நாள்தோறும் காலையில் நம் முகத்தை நாமே முதன்முதற் காண்பதும் அங்கேயே. ஆகலின் அவ்வறைக்கு நிறம் தேர்தல் விளையாட்டன்று. ஒளிநூலும் வேதிநூலும் உடல்நூலும் வந்து கைகொடுக்க வேண்டிய செயலாகும். கல்லூரியில் வெவ்வேறு வகுப்பறைகளில் நாம் பயிலும் இம்மூன்றும் ஒரு சிற்றறையின் நான்கு சுவர்கட்குள் எங்ஙனம் ஒன்றுகூடுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு துன்பமேயாகும். சில ஆண்டுகட்கு முன் எம் இல்லத்துக் குளியலறையைப் புதுக்கினோம். தரை வெண்மை; சுவர் வெண்மை; கைகழுவும் தொட்டி வெண்மை; தரையினும் மூன்று விரற்கடை தாழ்ந்த குளிக்குமிடத்தின் விளிம்பும் வெண்மை. பார்த்தோர் யாவரும் தூய்மையே உருவெடுத்தது போலும் எனப் புகழ்ந்தனர், யாமும் மகிழ்ந்தோம். நான்காம் திங்களில், 75 வயது நிரம்பிய எம் பெரியம்மையார் அவ்விளிம்பு தோன்றாமையால் அடி பிறழ்ந்து வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தார். “பள்ளம் இருப்பது தெரியவில்லையே அப்பா, எல்லாம் ஒரே வெள்ளையாய் இருந்தது” என்பதே மருத்துவமனைக் கட்டிலில் அவர் எம்மிடம் கூறிய முதற் சொல். தவறு அவர் கண்ணிலன்று, எம் தேர்விலே என்பதை அன்று உணர்ந்தோம். அவ்வுணர்ச்சியால் கற்றவற்றையே மாணவ நேயர்கள் முன் வைக்கின்றோம்.

நிறமென்பது யாது?

நிறம் சுவரில் மட்டும் உறைவதன்று. ஒளியும் சுவரும் கண்ணும் கூடியவழித் தோன்றுவதே நிறம். வெண்ணொளி பல நிறக் கதிர்களின் கூட்டமென்பதை முப்பட்டைக் கண்ணாடி கொண்டு நிறுவிய ஐசக் நியூட்டன், தம் ஒளிநூலை 1704-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுவரிற் பூசிய வண்ணம் அக்கதிர்களிற் சிலவற்றை உண்டு, சிலவற்றைத் திருப்பி அனுப்புகின்றது; திரும்பி வருவனவே நம் கண்ணுக்கு நிறமாகின்றன. ஒளியை மாற்றின் நிறமும் மாறும். கண் முதிரின் அதனாலும் மாறும். கடையில் நாம் வாங்குவது வண்ணமேயன்றி நிறமன்று என்று கூறினும் பொருந்தும்.

அமெரிக்க ஓவியரும் ஆசிரியருமாகிய ஆல்பர்ட் மன்செல், நிறத்தை மூன்று பண்புகளாகப் பகுத்து 1905-ஆம் ஆண்டில் ஒரு நூல் இயற்றினார். முதலாவது, சிவப்பு பச்சை நீலம் என வழங்கும் நிறவகை. இரண்டாவது, கருமைக்கும் வெண்மைக்கும் இடையே அந்நிறம் நிற்கும் ஒளிர்வு. மூன்றாவது, அதன் செறிவு. நம் பெண்மக்கள் புடைவைக் கடையில் இப்பாகுபாட்டை எந்நூலுங் கல்லாமலே கையாளுகின்றனர். கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் ஒரே பச்சையின் மக்களாயினும், முன்னது ஒளிர்வும் செறிவும் மிக்கது. பின்னது இரண்டும் குறைந்தது. அரக்கும் மாந்தளிரும் அவ்வாறே. குளியலறைக்கு நிறம் தேர்வோர் பெரும்பாலும் நிறவகை ஒன்றையே எண்ணிச் “சிவப்பா, நீலமா?” என வினவுவர். மூன்றனுள்ளும் அங்கே முதன்மை பெறுவது ஒளிர்வு என்பதை இக்கட்டுரை மேலே செல்லச் செல்லக் காண்பீர்கள்.

சாளரமும் விளக்கும்

மேல்நாட்டார் எழுதிய வண்ண நூல்களில், வடக்கு நோக்கிய சாளரத்தில் வெயில் விழாது. ஆகலின் அவ்வறைக்கு வெம்மை தோன்றும் மஞ்சளும் செம்மையும் கலந்த நிறமே தக்கது எனும் விதியைக் காண்கின்றோம். இவ்விதி இலண்டனுக்கு ஏற்கும். மதுரைக்கு முழுதும் ஏலாது. மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் ஞாயிறு நம் உச்சிக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட திங்கள்களில் அஃது உச்சிக்கு வடக்கே இயங்கும். அப்போது வடக்குச் சாளரத்தின் வழியும் வெயில் புகும். தென் சாளரமோ மார்கழி தை மாதங்களில் மிகு வெயில் பெற்று, கோடையில் நிழலுறும். ஆகவே திசை பற்றிய விதிகளை அயல்நாட்டினின்று அப்படியே எடுத்தாளாது, நம் சாளரத்தில் எம்மாதம் எந்நேரம் வெயில் விழுகின்றதென நாமே நோக்கல் வேண்டும்.

ஆயினும் நம் குளியலறைகள் பலவற்றில் சாளரமென ஒன்று இருத்தலே அரிது. மேலே முழ அகலத்தில் ஒரு காற்றுத்துளை மட்டும் இருக்கும். அத்தகைய அறையில் பகலிலும் விளக்கே ஞாயிறாகின்றது. இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளின் பெட்டி மீது 2700 கெல்வின், 4000 கெல்வின், 6500 கெல்வின் என எண்கள் பொறித்திருக்கக் காணலாம். எண் சிறிதாயின் ஒளி மஞ்சளிக்கும். பெரிதாயின் நீலம் பாரித்த வெண்மையாகும். 2700 கெல்வின் விளக்கின்கீழ் சந்தன நிறம் பொன்போல் தோன்றும். வான நீலமோ சாம்பல் படிந்தது போல் மங்கும். 6500 கெல்வின் விளக்கின்கீழ் இவை முறைமாறும். கடையின் விளக்கில் ஒத்துத் தோன்றிய இரு வண்ணங்கள் வீட்டு விளக்கில் ஒவ்வாது நிற்பதும் உண்டு. அவை வெவ்வேறு கதிர்களைத் திருப்பியும், ஒரு விளக்கின்கீழ் மட்டும் கண்ணுக்கு ஒரே உணர்ச்சி தந்தமையே அதற்குக் காரணம். ஆகலின் விளக்கை முதலில் தேர்ந்து பொருத்தி, அதன்பின்னரே அவ்விளக்கின்கீழ் வண்ணம் தேர்தல் முறையாகும்.

சிற்றறையின் கணக்கு

கடையில் காட்டிய சிறு அட்டையில் இளமாந்தளிராய்த் தோன்றிய நிறம், குளியலறையின் நாற்சுவரிலும் பூசியபின் செங்கல் நிறம்போல் முதிர்ந்து தோன்றியதெனப் பலர் வருந்துவர். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தனரென ஐயுறுவோரும் உளர். உண்மை அதுவன்று. எளிய கணக்கொன்றால் இதனை விளக்கலாம்.

மூடிய அறையொன்றில் சுவர், தரை, கூரை யாவும் ஒரே வண்ணம் பூசப்பட்டன எனக் கொள்வோம். அவ்வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்புமாயின், விளக்கினின்று வந்த 1 பங்கு ஒளி சுவரில் பட்டு 0.8 பங்காய் மீண்டு எதிர்ச்சுவரை அடையும், அங்கிருந்து 0.64 பங்காய் மீளும், இங்ஙனம் தொடரும். இவையாவும் கூட்ட வரும் தொகை 5. சுவர் 50 விழுக்காடே திருப்புமாயின் தொகை 2. 20 விழுக்காடாயின் 1.25 மட்டுமே. ஒரே விளக்கு, வெளிறிய நிற அறையில், நடுத்தர நிற அறையினும் இரண்டரை மடங்கு ஒளி நிரப்புகின்றதென்பது இதனால் விளங்கும். மின்செலவைக் குறைக்க விரும்புவோர் விளக்கை நோக்குமுன் சுவரை நோக்குக.

இனி நிறம் முதிர்வதைக் காண்போம். ஓர் இளமாந்தளிர் வண்ணம் செங்கதிரில் 80, பசுங்கதிரில் 70, நீலக்கதிரில் 60 விழுக்காட்டைத் திருப்புகின்றதென்க. அட்டையில் நோக்கும்போது நீலம் சிவப்பின் முக்காற் பங்கு உள்ளது. அதனால் நிறம் மென்மையாய்த் தோன்றுகின்றது. அதையே அறை முழுதும் பூசினால், மேற்கூறிய கணக்கின்படி அறையில் நிரம்பும் செவ்வொளி 5 பங்கு. பசுவொளி மூன்றேகால் பங்கினும் சற்று மிகை. நீலவொளி இரண்டரைப் பங்கு. அதாவது அறையிலுள்ள வெள்ளைத் துவாலையின் மீதே நீலம் சிவப்பின் பாதியாகிவிடுகின்றது. அவ்வொளி சுவரில் மீண்டும் ஒருமுறை பட்டுக் கண்ணை அடைகையில் சிவப்பு 4, நீலம் 1.5, அஃதாவது எட்டில் மூன்று பங்கே. முக்கால் எங்கே, எட்டில் மூன்று எங்கே! நிறம் இருமடங்கு முதிர்ந்தது போல் தோன்றுவதில் வியப்பென்னை? மெய்யான அறையில் தரையும் கதவும் வேறு நிறத்தனவாதலின் விளைவு இத்துணைப் பெரிதாகாதெனினும், போக்கு இதுவே. சிற்றறைக்கு வண்ணம் தேர்வோர் தாம் விரும்பிய நிறத்தினும் ஒன்றிரண்டு படி வெளிறியதைத் தேர்க என வண்ணக்காரர் கூறும் அறிவுரைக்கு அடிப்படை இக்கணக்கேயாகும்.

கண்ணாடியில் தோன்றும் முகம்

பாரிசு நகரில் கொபெலின் எனும் அரச நெசவுச்சாலையில் சாயத்துறைத் தலைவராய் 1824-ஆம் ஆண்டில் அமர்ந்த ஷெவ்ரல் எனும் வேதியியலாரிடம், கருநூலின் சாயம் வலிவற்றதென முறையீடு வந்தது. அவர் சாயத்தை ஆராய்ந்து அதிற் குறையில்லையெனக் கண்டார். கருநூலின் அருகே நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே கருமையை வெளிறச் செய்தன. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தன் எதிர்நிறத்தின்பால் தள்ளுமென்னும் இவ்வுண்மையை விரித்து 1839-ஆம் ஆண்டில் பெருநூல் எழுதினார். பச்சைச் சுவரின் நடுவே சாம்பல் நிறப் பட்டையொன்று சற்றே செம்மை பாரித்துத் தோன்றுவது இதனாலேயே.

இவ்வியல்பைப் பயன்கொண்டவர் சான் பிரான்சிஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன் ஆவர். வெண்சுவரும் வெண்துகிலும் நிறைந்த அறுவை அறையில் குருதியின் சிவப்பை நெடுநேரம் நோக்கிய கண் கூசிக் களைப்பதை உணர்ந்து, 1914-ஆம் ஆண்டில் தம் அறுவை அறைக்குப் பச்சை நிறம் அமைத்தார். சிவப்பை நோக்கி வெண்மையை நோக்கினால் கண்முன் மிதக்கும் பச்சை நிழல், பச்சைச் சுவரில் மறைந்தொழிகின்றது.

குளியலறையிலோ இரு விளைவுகள் எதிரெதிர் நிற்கின்றன. சுவரின் நிறம் கண்ணளவில் முகத்தை எதிர்நிறத்தின்பால் தள்ளும். ஆனால் சுவரினின்று மீளும் ஒளியோ முகத்தின்மேல் விழுந்து அதைத் தன் நிறத்தின்பால் இழுக்கும். சிற்றறையில் பின்னதே வலியது. ஆகவே செறிந்த பச்சைச் சுவருள்ள அறையின் கண்ணாடியில் நலமுடையார் முகமும் நோயாளர் முகம்போல் தோன்றும். செறிந்த மஞ்சள் சுவரில் வேறொரு தீங்கு உண்டு. மஞ்சட்காமாலையின் முதற்குறி கண்ணின் வெண்மையில் தோன்றும் மெல்லிய மஞ்சள். எல்லாம் மஞ்சளாய் ஒளிரும் அறையில் அதனைக் காணல் அரிது. பிறந்த மகவை நீராட்டும் அறைக்கு இஃது இன்னும் பொருந்தும். கண்ணாடிக்கு எதிர்ச்சுவரும் பக்கச்சுவரும் வெண்மையோ, யானைத்தந்த நிறமோ, மிக இளைய சாம்பலோ ஆயின் முகம் உள்ளபடி தோன்றும். செறிந்த நிறத்தில் விருப்பமுடையார் அதைக் கதவின் உட்புறத்திலோ, முகத்திற்கு ஒளி தாராத ஒரு சுவரிலோ தீட்டி மகிழலாம்.

முதியோர் கண்

கண்ணின் வில்லை ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளித்துத் தடிக்கின்றது, பாவையும் சுருங்குகின்றது. 20 வயதினர் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே 60 வயதினர் விழித்திரையை அடையுமென்பர். மஞ்சளித்த வில்லை நீலக்கதிரைத் தடுத்தலின், இளநீலமும் இளம்பச்சையும் சாம்பலும் அவர்கட்கு ஒன்றுபோல் தோன்றும். நிறவகையால் மட்டும் வேறுபட்ட இரு பரப்புகளின் எல்லை அவர் கண்ணுக்கு மறைகின்றது; ஒளிர்வால் வேறுபட்டதே புலனாகின்றது.

முதியோர்க்கே அன்றி, பிறவியிலேயே சில நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர்க்கும் இஃது ஒக்கும். அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன் தமக்கு இக்குறை உண்டென்பதை 1794-ஆம் ஆண்டில் தாமே உரைத்தார். அவர் விருப்பப்படி காக்கப்பட்ட அவர் கண்ணின் பகுதியை 1995-ஆம் ஆண்டில் ஆராய்ந்து, பசுங்கதிரை உணரும் நிறமி அதில் இன்மையை உறுதி செய்தனர். இத்தகையோர்க்குப் பாசிப்பச்சைச் சுவரும், அதனோடொத்த ஒளிர்வுடைய செந்நிறக் கைப்பிடியும் ஒன்றாகத் தோன்றலாம்.

இக்காரணத்தால், உடற்குறையுடையோர்க்கு ஏற்ற கட்டடங்கள் பற்றிய பிரித்தானிய நெறிமுறை, ஒளி திருப்பும் அளவை 0 முதல் 100 வரை எண்ணி, பிரித்தறிய வேண்டிய இரு பரப்புகட்கிடையே 30 எண் வேறுபாடு இருத்தல் நன்றென்கின்றது. முழுக்கருமை 0; முழுவெண்மை 100. வண்ண நிறுவனத்தார் பலர் தம் அட்டைகளில் இவ்வெண்ணைக் குறிக்கின்றனர். குறிக்காவிடின் கேட்டுப் பெறலாம். கேட்டும் கிடையாதாயின் வேறொரு வழியுண்டு. விளக்கைக் குறைத்து, கண்களைப் பாதி மூடி அறையை நோக்குக. அந்நிலையிலும் விளிம்பும் படியும் கைப்பிடியும் கதவு நிலையும் பிரிந்து தோன்றுமாயின் நன்று. ஒன்றோடொன்று கரைந்து போமாயின் அவ்விடமே இடர்ப்பாட்டிற்கு உரியதென்க.

இன்னுமொன்று. அந்தி ஒளியில் சிவப்பு விரைந்து கருமையுறும். நீலம் நெடுநேரம் ஒளிரும். பொகீமிய நாட்டு உடல்நூலார் பர்க்கினி இதனை 1825-ஆம் ஆண்டில் விளக்கினார். மின்சாரம் நின்ற இரவில் கருந்தரையின் மேல் தீட்டிய செங்கோடு மறைந்தொழியும். வெண்தரையின் மேல் தீட்டிய செங்கோடு கருங்கோடாய் மாறி மேலும் நன்கு தோன்றும். தரை எதுவென்று அறியாது விளிம்பின் நிறத்தை முடிவு செய்தல் கூடாது.

நிறமும் நஞ்சும்

அழகிய நிறம் எப்போதும் தீங்கற்றதன்று. சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே 1775-ஆம் ஆண்டில் செம்பும் ஆர்சனிக்கும் கூட்டிக் கண்ணைக் கவரும் பச்சையொன்றை ஆக்கினார். அதுவும், அதன் பின்வந்த மரகதப் பச்சையும் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களை நிறைத்தன. ஈரமுள்ள அறைகளில் அத்தாளில் பூஞ்சணம் படர்ந்தவிடத்துப் பூண்டு மணம் கமழ்வதையும், அவ்வறைகளில் உறைவோர் நோயுறுவதையும் மருத்துவர் கண்டனர். இத்தாலியராகிய கோசியோ 1890-களில், பூஞ்சணமே அப்பச்சையினின்று ஒரு நச்சாவியை வெளிப்படுத்துகின்றதென ஆய்ந்து காட்டினார். 1930-களில் இங்கிலாந்தின் சாலஞ்சர் அவ்வாவியின் அமைப்பைத் தெளிந்தார். இறப்புகட்கு அவ்வாவிதான் காரணமோ என்பதைப் பின்வந்தோர் ஐயுற்றனராயினும், அப்பச்சையின் தூள் கொடுநஞ்சென்பதில் ஐயமில்லை. வண்ணமும் ஈரமும் பூஞ்சணமும் கூடியவழி யாது விளையுமென்பதற்கு இவ்வரலாறு ஒரு பெரும் பாடமாகும்.

நம் நாளுக்கு அணித்தாயது ஈயம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்கார்ட் கிப்சன், குழந்தைகட்கு வந்த ஈயநோய்க்கு வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளிலும் சுவர்களிலும் பூசிய வண்ணமே காரணமென 1904-ஆம் ஆண்டில் எழுதினார். அமெரிக்க ஐக்கிய நாடுகள் வீட்டு வண்ணத்தில் ஈயத்தை 1978-ஆம் ஆண்டிலேயே தடுத்தன. இந்திய அரசு 2016-ஆம் ஆண்டில் விதியியற்றி, 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல், வீட்டு வண்ணத்தில் ஈயம் பத்து இலட்சம் பங்கில் 90 பங்கினை மிகலாகாதென வரையறுத்தது. ஆகவே அதற்கு முன் பூசப்பட்ட கதவுகளிலும் சாளரக் கம்பிகளிலும், சிறப்பாக மஞ்சள், கிச்சிலி, சிவப்பு, பச்சை எனாமல்களில், ஈயம் இருத்தல் கூடும். குளியலறைக் கதவின் அடிப்புறம் நீர்பட்டு உரிந்து உதிர்வது இயல்பு. அவ்வுதிரியைத் தவழும் மகவு வாயிலிடுவதும் இயல்பே. பழைய எனாமலை உலர்நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் தூளெழுப்பலாகாது. நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, குழந்தைகளை அப்பாற் படுத்திய பின்னரே வேலை தொடங்குக. புதிதாக வாங்குங்கால் ஈயம் சேர்க்கப்படாதது எனும் குறிப்பு கலத்தின்மேல் உளதா என நோக்குக.

ஓதமும் சுண்ணாம்பும்

நம் முன்னோர் குளிக்குமிடத்திற்குச் சுண்ணாம்படித்தனர். அதன் திறம் வியக்கத்தக்கது. 100 பங்கு தூய சுண்ணக்கல்லைச் சூளையிலிட, 44 பங்கு கரியமில வாயுவாய் நீங்கி 56 பங்கு நீறாத சுண்ணாம்பு எஞ்சும். நீர் ஊற்ற அது கொதித்து நீறும். சுவரிற் பூசிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் உண்டு கல்லாகும். புதிதாய் அடித்த சுண்ணாம்பின் காரம் மிக்கதாதலின் பூஞ்சணம் அதில் வாழாது. சுவரும் மூச்சு விடும். காரம் தணிந்தபின் இக்காவல் குறையும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் இதற்கும் மருந்தாயிற்று. சுண்ணாம்புச் சுவர் நனைந்தபோது சாம்பல் நிறமுற்று உலர்ந்தபோது வெளுப்பதும் நோக்கத்தக்கது. நுண்துளைகளிற் காற்று நிறைந்திருக்கையில் ஒளி சிதறுகின்றது. அங்கே நீர் புகுந்தவுடன் சிதறல் குறைகின்றது. டைட்டானிய வெள்ளையோ ஒளியை முறிக்கும் ஆற்றல் மிக்கதாதலின் நனைந்தும் வெண்மை மாறாது. அவ்வெள்ளைக்கு மூலமாகிய இல்மனைட்டு மணல் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையிலேயே கிடைக்கின்றது.

சுண்ணாம்போடு எந்நிறமும் கூடுமென எண்ணற்க. அதன் காரத்தைத் தாங்குவன சிலவே. காவிக்கல், செம்மண், மஞ்சட்கல் ஆகிய இரும்பு நிறங்கள் தாங்கும். 1820-களில் பிரான்சில் செயற்கையாய் ஆக்கப்பெற்ற அல்ட்ராமரீன் நீலம் தாங்கும். குரோமிய ஆக்சைடுப் பச்சையும் தாங்கும். பெர்லின் நகரில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த பிரஷ்ய நீலமோ காரம் பட்டவுடன் பழுப்பாகிக் கெடும். நம் நாட்டுக் கோயில் மதில்களில் வெண்மையும் காவியும் மாறிமாறித் தீட்டப்படுவதைக் கண்டிருப்பீர்கள். காரத்தையும் வெயிலையும் மழையையும் தாங்குவது மட்டுமன்றி, தொலைவினின்றும் அந்தியினும் பிரிந்து தோன்றும் இணை அது. முன்னோர் தேர்வில் வேதிநூலும் ஒளிநூலும் ஒருங்கே அமைந்திருத்தலை உணர்க.

இக்காலத்து எமல்ஷன் வண்ணங்களுள் குளியலறைக்கெனப் பூஞ்சணந் தடுக்கும் மருந்து சேர்த்தவை கிடைக்கின்றன. சற்றே மினுக்குடையவை நீரைத் தாங்கிக் கழுவவும் எளியவாகும். மிகு மினுக்குடையவை சுவரின் மேடுபள்ளங்களைக் காட்டிக் கண்ணையும் கூசச் செய்யும். பசை கலந்த உலர் டிஸ்டெம்பர் ஈரத்திற்கு உதவாது. அப்பசையே பூஞ்சணத்திற்கு உணவாகும். எதைப் பூசினும், ஓதமேறிய சுவரின்மேல் பூசுவது வீண். குழாய்க் கசிவை அடைக்காமல் மேலே எமல்ஷன் பூசினால், வெளியேற வழியற்ற நீர் அதனைக் கொப்புளித்து உரிக்கும். புதிதாய்ச் சிமிட்டி பூசிய சுவரை 28 நாளேனும் ஆறவிடுக. அதன் காரம் எண்ணெய் வண்ணத்தைச் சவர்க்காரமாக்கிக் கெடுக்கும். பூஞ்சணக் கறையை மறைத்தற்குக் கருநிறம் பூசுவோர் நோயை மறைத்து நோயாளியைக் கொல்வோர் ஆவர். வெளிறிய சுவர் கறையை உடனே காட்டிக் கொடுக்கும். அஃதே அதன் நற்பண்பு.

தேர்வு செய்யும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுப்பாம். முதலாவது, மாற்றவியலாதவற்றை நோக்குக: தரைக்கல், சுவரில் பதித்த ஓடு, தொட்டி ஆகியவற்றின் நிறமே உங்கட்குத் தொடக்கம். இரண்டாவது, கசிவை நீக்கிக் காற்றோட்டம் செய்க. மூன்றாவது, விளக்கைத் தேர்ந்து பொருத்துக. நான்காவது, அவ்வறையைப் பயன்படுத்துவோருள் முதியோர், மகவு, கண்குறையுடையோர் யாவரென எண்ணி, படி, விளிம்பு, கைப்பிடி, கதவு நிலை, மின்பொத்தான் ஆகியவற்றிற்கு ஒளிர்வு வேறுபாடு அமைக்க. ஐந்தாவது, மேற்சுவர்க்கும் கூரைக்கும் வெளிறிய நிறத்துள் இரண்டையோ மூன்றையோ பொறுக்கி, இரண்டடிச் சதுரப் பலகைகளில் இருமுறை பூசி உலர்த்துக. ஈர வண்ணமும் உலர்ந்த வண்ணமும் ஒன்றல்ல. ஆறாவது, அப்பலகைகளைக் குளியலறைக்குள்ளேயே நிறுத்தி, காலையிலும் நண்பகலிலும் இரவு விளக்கிலும் நோக்குக. பக்கத்தே ஒரு வெள்ளைத்தாளை வைத்தால் நிறத்தின் சாய்வு வெளிப்படும். ஏழாவது, மூன்று நாள் கழித்தும் எது மனத்திற்கு உவந்ததோ அதன் ஒரு படி வெளிறியதை வாங்குக. இத்துணையும் செய்தற்கு ஆகும் செலவு சிறு கலங்கள் சிலவற்றின் விலையே. செய்யாது விடுத்தலால் ஆகும் செலவு யாதென்பதை யாம் அறிவோம்.

எம் பெரியம்மையார் மூன்று திங்கட்குப் பின் கைத்தடியுடன் இல்லம் திரும்பினார். அதற்குள் யாம் அவ்வெண்தரையின் விளிம்பெங்கும் நான்கு விரல் அகலத்தில், வழுக்காமைக்கு மணல் கலந்த காவிநிறப் பட்டை தீட்டியிருந்தோம். சுவர்க் கைப்பிடிக்கும் காவி. கதவு நிலைக்கும் அதுவே. மேற்சுவர் யானைத்தந்த நிறம் பெற்றது. அழகு குறைந்ததென இளையோர் சிலர் கூறினர். பெரியம்மையார் வாயிலில் நின்று சற்றே நோக்கி, “இப்போதுதான் படி கண்ணில் படுகிறது” என்று கூறித் தாமே உள்ளே சென்றார். அழகைப் பற்றி அதற்குமேல் எம் இல்லத்தில் எவரும் பேசிலர்.

மாணவ நேயர்களே! விடுமுறையில் நும் இல்லங்கட்குச் செல்லும்போது, ஒரு மாலை விளக்கேற்றுமுன் குளியலறை வாயிலில் நின்று கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். படி தோன்றுகின்றதா, கதவின் அடிப்புறம் உரிகின்றதா, சுவரில் ஓதம் ஏறியுள்ளதா என நோக்குங்கள். பின்னர் நும் பாட்டியாரை அழைத்து அவர்க்கு எவை தோன்றுகின்றன எனக் கேளுங்கள். அவர் கூறும் விடையே நிறத் தேர்விற்கு முதற்பாடமாகும்.